ஈரான்காரரோடோ அமெரிக்கரோடோ பேசி இன்னும் மனசை விட்டுப் போகாதது இருந்தால் எழுதுங்கள்

காப்பித்தோட்டம்:

மே 2018, கோடை விழா சமயம், ரூம் கிடைக்காமல் ஏற்காடு ஏரிக்கரையில் காருக்குள்ளேயே ஆட்கள் தூங்கிய வாரம். நாகலூர் பக்கம் எங்கள் தோட்ட வீட்டில் ஓர் அறையில் பெங்களூரில் படிக்கும் ஈரான் பையனும், அவனைப் பார்க்க டெஹ்ரானிலிருந்து வந்திருந்த அவன் அப்பாவும். பக்கத்து அறையில் சேலத்துக் குடும்பம், நியூ ஜெர்சியில் செட்டில் ஆனவர்கள். டிரம்ப் ஈரானோடு போட்டிருந்த அணு ஒப்பந்தத்தை உதறியது அப்போதுதான். கேம்ப் ஃபயர் போட்டால் பேச்சு எங்கே போகும், சொல்லவா வேண்டும்.

நியூ ஜெர்சி சார்தான் ஆரம்பித்தார். 1979ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து 52 பேரை 444 நாள் அடைத்து வைத்தது நீங்கள், அப்புறம் எங்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று. (எங்கள் என்றார். பாஸ்போர்ட் மாறினால் அதுவும் மாறிவிடும்போல.) பையன் விடவில்லை. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக், 1953ல் அவரைக் கவிழ்த்த அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏ, அதை அங்கே நடத்திய கெர்மிட் ரூஸ்வெல்ட், கூலிக்குக் கத்திய கூட்டம் என்று மூச்சு விடாமல் அடுக்கினான். அந்தக் கூலிக் கூட்டத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏறியது, நாட்டை விற்ற நாய்கள் என்றான்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. என்ன பேச்சு என்று மகனைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பலாச்சுளையில் கொட்டையை எடுத்துக்கொண்டே பாரசீகத்தில் ஏதோ சொன்னார், நாலைந்து வாக்கியம் இருக்கும். பையன் வாயைத் திறக்கவில்லை. அவர் அவன் முழங்காலைத் தட்டி எங்கள் பக்கம் கையைக் காட்டினார், இவர்களிடமும் சொல் என்பதுபோல.

அப்புறம்தான் சொன்னான். அவன் தாத்தா தெற்கு டெஹ்ரான் சந்தையில் மூட்டை தூக்கியவராம். மொசாதேக் கவிழ்ந்த அந்த ஆகஸ்ட் 19 அன்று காசு வாங்கிக்கொண்டு மன்னர் ஷா வாழ்க என்று கத்தப் போனவர்களில் அவரும் ஒருவர், அந்தக் காசில்தான் அப்பாவுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாராம். பையனுக்கே அது அந்த நிமிஷம்தான் தெரியும். எழுந்து விறுவிறுவென்று காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டான். அந்தப் பக்கம் காட்டெருமை இறங்கும் இடம், நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

எனக்கு இன்னும் புரியாதது இதுதான். வீட்டில் இத்தனை வருஷம் மறைத்ததை அந்த நியூ ஜெர்சி ஆள் முன்னால், எங்கள் வீட்டு வாசலில் வைத்து ஏன் சொன்னார்?

ஆத்தூர் மாலுமி:

1988 ஜூலை. பந்தர் அப்பாஸில் எங்கள் சரக்குக் கப்பல் நின்றிருந்தது, நான் இன்ஜின் ரூமில் ஃபிட்டர். அந்தக் காலத்தில் வளைகுடாவில் டேங்கர்களை அடிப்பது தினசரிச் செய்தி, ஈராக் ஒரு பக்கம் ஈரான் ஒரு பக்கம், நடுவில் அமெரிக்கக் கடற்படை. 3ஆம் தேதி காலையில் துபாய்க்குக் கிளம்பிய பயணிகள் விமானம் ஈரான் ஏர் 655, ஏறி சில நிமிஷத்துக்குள் அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் விட்ட ஏவுகணையில் விழுந்தது. 290 பேர், அதில் 66 குழந்தைகள்.

துறைமுகத்தில் எங்கள் சரக்கைக் கணக்கெடுக்க வரும் கிளார்க் ஒருவர், நடு வயசு, ஹிந்தி கொஞ்சம் தெரியும், நன்றாகச் சிரிக்கக்கூடியவர். சில நாள் கழித்து வந்தார். நோட்டைத் திறந்தார், எழுதவில்லை. "உன் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் அதில் இருந்தார்கள், தெரியுமா" என்றார். தெரியாது என்றேன். "உங்கள் நாடு என்ன செய்யும்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் கையில் ஸ்பானரோடு நின்றேன்.

எஃப்-14 போர் விமானம் என்று நினைத்துச் சுட்டதாக அமெரிக்கா சொன்னது. அந்த எஃப்-14களை ஷா காலத்தில் ஈரானுக்கு விற்றதே அமெரிக்காதான். 1990ல் அந்தக் கப்பல் கேப்டனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள், 1996ல் ஈரானியப் பயணிகளின் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் தவறு எங்களுடையது என்று எழுதிக் கொடுக்கவில்லை. தோட்டக்காரத் தம்பி கதையில் வரும் 1953 பெரியவர்களுக்கு. அந்த கிளார்க் வயசுக்காரர்களுக்கு வரலாறு 88ல்தான் தொடங்குகிறது.

சங்ககிரி டயர்:

நான் துபாயில் டிரெய்லர் ஓட்டினவன். க்ரீக் ஓரத்தில் மர லாஞ்சுகள் வரிசையாக நிற்கும், ஈரான்காரர்கள் அதில் ஃபிரிட்ஜ், டயர், ஏசி எல்லாம் அடுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போவார்கள். பொருளாதாரத் தடை உச்சத்தில் இருந்த நேரம். நான் இறக்கிய பெட்டிகள் மேல் கொட்டை எழுத்தில் அமெரிக்கக் கம்பெனிப் பெயர். லாஞ்சுக்காரப் பெரியவர் அதன் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார் பாருங்கள், அதை மறக்கவே முடியாது.

இதெல்லாம் நம்ம ஊர் வரப்புத் தகராறுதாங்க. தாத்தா காலத்தில் ஒருத்தன் கல்லைப் பிடுங்கி நட்டிருப்பான், பேரன்கள் கோர்ட்டுக்கு அலைவார்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாட்டார்கள், ஆனால் வியாபாரம் மட்டும் நடக்கும். இதில் யார் சரி என்று பேசிப் பிரயோஜனம் இல்லை.

அஸ்தம்பட்டி வாத்தியார்:

சங்ககிரித் தம்பி சொல்வதை ஏற்க முடியவில்லை. வரப்புத் தகராறில் ரெண்டு பேரும் பக்கத்து நிலத்துக்காரர்கள். இங்கே ஒருத்தர் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்தவர், அதுவும் முதலில் வந்தவர் அவர் இல்லை.

என் அனுபவம் சின்னது. 1980ல் ரயிலில் சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன், ஜோலார்பேட்டையில் ரெண்டு ஈரான் மாணவர்கள் ஏறினார்கள். ஒருவன் ஷா கட்சி, இன்னொருவன் முந்தின வருஷம் ஷாவை விரட்டிய புரட்சிக் கட்சி. நான் கொடுத்த முறுக்கை ரெண்டு பேரும் வாங்கினார்கள், ஆனால் ஒருவன் கை பட்ட பொட்டலத்தை மற்றவன் தொடவில்லை, நானே எடுத்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் 1953ஐ சிஐஏ கணக்கில் மட்டும் எழுதுவதால் சொல்கிறேன். வேர் பிரிட்டனிடம் இருக்கிறது. 1901ல் டார்சி என்ற பிரிட்டிஷ்காரர் அப்போதைய ஷா அரசிடம் 60 வருஷத்துக்கு எண்ணெய் உரிமை வாங்கினார், ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம். 1908ல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914ல் முதல் உலகப் போருக்குச் சற்று முன், கடற்படைக்கு எண்ணெய் வேண்டும் என்று அப்போதைய கடற்படை அமைச்சர் சர்ச்சில் நின்றதால் பிரிட்டிஷ் அரசே அந்த எண்ணெயை எடுத்த கம்பெனியில் பெரும்பங்கை வாங்கியது. அபாதான் சுத்திகரிப்பாலை உலகத்திலேயே பெரிதாக வளர்ந்தது, அதைச் சுற்றி இருந்த தொழிலாளர் குடியிருப்பு தகரக் கொட்டகை. ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட அந்தக் கம்பெனி லண்டனுக்குக் கட்டிய வரி அதிகம். 1950 கடைசியில் பக்கத்துச் சவூதியில் அமெரிக்கக் கம்பெனி பாதிக்குப் பாதி என்று ஒப்புக்கொண்டதும் ஈரானில் யார் பொறுப்பார்கள்? 1951ல் மொசாதேக் பிரதமர், எண்ணெய் தேசியமயம். பிரிட்டன் ஈரான் எண்ணெயை யாரும் வாங்க விடாமல் தடுத்தது, ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனது. 1952ல் அந்த நீதிமன்றம் இதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டது.

அதுவரை அமெரிக்கா அங்கே நல்ல பெயர் வாங்கிய நாடு, இதை யாரும் சொல்வதில்லை. 1946ல் சோவியத் படை வடக்கு ஈரானை விட்டுப் போகாமல் அடம்பிடித்தபோது அமெரிக்க அதிபர் ட்ரூமன் அரசு ஈரான் பக்கம் நின்றது. மொசாதேக்கைக் கவிழ்க்கலாம் என்று பிரிட்டன் யோசனை சொன்னபோது ட்ரூமன் இணங்கவில்லை. அடுத்த அதிபராக ஐசனோவர் வந்ததும், கம்யூனிஸ்ட் பூச்சாண்டியைக் காட்டி பிரிட்டன் காரியத்தைச் சாதித்துக்கொண்டது. நம்பிய ஆள் செய்த துரோகம் என்பதால்தான் லண்டனைவிட வாஷிங்டன் மேல் கசப்பு அதிகம் என்பது என் கருத்து. 1954ல் ஈரான் எண்ணெயைச் சதவீதக் கணக்கில் பங்கு பிரித்தார்கள்: பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. வந்த வேலை முடிந்தது.

இதற்காக உள்ளூர் ஆட்களையும் விட முடியாது. மொசாதேக்கோடு இருந்த மதத் தலைவர் அயதுல்லா காஷானி கடைசியில் எதிரணிக்குப் போனார். நாடாளுமன்றத்தைக் கலைக்க மொசாதேக் நடத்திய வாக்கெடுப்பில் ஆம் என்பதற்கு ஓரிடம், இல்லை என்பதற்கு வேறு இடம். எவன் தைரியமாக அங்கே போவான்? மூட்டை தூக்கிய அந்தத் தாத்தாவைத் தூக்கில் போடுவதற்கு முன்னால் இவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும்.

குகைப் பொண்ணு:

வாத்தியார் சார், தாத்தாவை இங்கே யாரும் தூக்கில் போடவில்லையே.

நான் ஓஹையோவில் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, எண்பது வயசு இருக்கும், தனியாள். நான் கொடுத்த தட்டுவடை செட்டைச் சட்னி காரம் பார்க்காமல் சாப்பிட்ட ஒரே வெள்ளைக்காரி. வாசல் மரத்தில் ஒரு கிளையைக் காட்டி, 1980ல் பணயக் கைதிகளுக்காக இங்கேதான் மஞ்சள் ரிப்பன் கட்டினேன், என் பசங்களோடு, வெளுத்துப் போகப் போக மாற்றிக் கட்டினேன் என்றார். மீட்கப் போன ஹெலிகாப்டர்கள் பாலைவனத்தில் கெட்டு, எட்டு வீரர்கள் செத்த செய்தி வந்த நாளைச் சொல்லும்போது இன்றைக்கு நடந்ததுபோல அழுதார். ரேகன் அதிபராகப் பதவி ஏற்ற அதே நாளில்தான் விட்டார்கள், பாவம், பதவி முடிந்த கார்ட்டரை அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள் என்றார்.

நான் படித்ததை மெதுவாகச் சொன்னேன். 1953ல் ஷா ஓடிப் போய்த் திரும்பக் கொண்டுவரப்பட்டவர், அந்தக் கவிழ்ப்பு வேலை நடந்தது அமெரிக்கத் தூதரகத்தின் துணையோடு, புரட்சியில் விரட்டப்பட்ட ஷாவை 79 அக்டோபரில் நியூயார்க் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் மறுபடி அதே நாடகம்தான் என்று தூதரகத்தைப் பிடித்த மாணவர்கள் பயந்தார்கள் என்று. அவர் பதில் சொல்லாமல் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "53ல் எனக்குப் பதினைந்து வயசு. இதை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்றார். கோபம் என் மேலா, சொல்லாதவர்கள் மேலா, தெரியவில்லை. அதற்கப்புறம் தட்டுவடை வாங்கிக்கொண்டார், ஆனால் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

லீ பஜார்:

வியாபார விஷயமாக டெஹ்ரான் போயிருக்கிறேன். பழைய அமெரிக்கத் தூதரகச் சுவரில் மண்டை ஓட்டு முகத்தோடு சுதந்திர தேவி ஓவியம், அதன் அடியில் நின்று ஒரு கல்லூரிப் பையன் அமெரிக்காவில் மேல்படிப்புக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டான். நான் சேலத்துக்காரன், எனக்கு எப்படித் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நம் ஏடிஎம் கார்டு, கிரெடிட் கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது, தடைதான் காரணம், அதனால் டாலரோ யூரோவோ ரொக்கமாக எடுத்துப் போங்கள், நோட்டு கசங்காமல் இருக்கட்டும். பணத்தை எண்ணிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள், பூஜ்யம் தலை சுற்ற வைக்கும். 2019 மே மாதத்தோடு இந்தியா அவர்கள் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியதிலிருந்து நம் ஆட்களிடமும் பேச்சில் லேசான வருத்தம் தெரியும், அதற்குப் பதில் சொல்லப் போகாதீர்கள், தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். யார் வீட்டுக்காவது கூப்பிட்டால் முதல் தடவையே சரி என்று சொல்லாதீர்கள், மரியாதைக்குக் கூப்பிடுவார்கள், ரெண்டு மூன்று தடவை கேட்டால் போகலாம். காப்பித்தோட்டம் அண்ணா, வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் (2018ல் அதற்குச் சி படிவம் என்று பெயர்), மறந்தால் ஹோம்ஸ்டேக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. பாஸ்போர்ட், விசா நகல் ரெண்டையும் எடுத்து வையுங்கள்.

காப்பித்தோட்டம்:

சி படிவம் அன்றைக்கே ஏற்றியாச்சு தம்பி. அதைக் கேட்டு யாரும் எழுதச் சொல்லவில்லை :)

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன துரோகக் கணக்கு பொருந்துகிறது. ஆனால் நியூ ஜெர்சி சார் அன்றைக்கு, 1953 கவிழ்ப்பில் பங்கு உண்டு என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டதே என்றார். 2000ல் அவர்கள் வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட் பேசினார், 2009ல் கெய்ரோவில் ஒபாமா சொன்னார், 2013ல் சிஐஏ ஆவணத்திலேயே வந்துவிட்டது. அதற்குப் பையன், ஒப்புக்கொண்ட பிறகும் தடை போட்டீர்களே என்றான். ரெண்டும் சரிதான். பெரியவர் மட்டும் இதில் எதிலும் சேராமல் பலாப்பழம் சாப்பிட்டார், அதுதான் என்னைக் குடைகிறது.

சங்ககிரி டயர்:

பையன் திரும்பி வந்தானா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

காப்பித்தோட்டம்:

வந்தான். அப்பாவிடம் பேசவில்லை. மறுநாள் பஸ்ஸில் கீழே இறங்கும்போதும் தனித்தனி சீட்.

ஆத்தூர் மாலுமி:

இங்கே யாருக்காவது 655ல் போன அந்தப் பத்து இந்தியர்களில் ஒருவர் குடும்பத்தையாவது தெரியுமா? தமிழர் யாராவது இருந்தார்களா?

லீ பஜார்:

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளியுறவு அமைச்சகத்துக்கு மனு போடுங்கள் ஐயா. பத்து ரூபாய்தான் கட்டணம், ஆன்லைனிலேயே கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. நான் மாதிரி எழுதித் தரட்டுமா?

ஆத்தூர் மாலுமி:

எழுதிக் கொடு தம்பி. இங்கிலீஷில் வேண்டாம், தமிழிலேயே எழுது. நம் நாடு அப்போது என்ன செய்தது என்ற கேள்வியையும் அதில் சேர்த்துவிடு.