பெரியகுளம் குடும்பம் குரூப்: ஹரியோட ஆப்

செல்வி: ஹரிக்கு செமஸ்டர் லீவு விட்டாச்சு. மொபைல் ஆப் செய்யக் கத்துக்கணுமாம். 45 நாள் கோர்ஸுக்கு 30,000 கேக்குறாங்க. கட்டலாமா?

மீனா: வேணாம் அத்தை. கூகுளே ஆண்ட்ராய்டு பாடத்த இலவசமா வச்சிருக்கு, ‘ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்’னு. கம்போஸ்னா ஆப்போட திரைய வரையுற டூல். அந்தக் காசுல கொஞ்சம் எடுத்து லேப்டாப்புக்கு ரேம் போடுங்க. ஹரி, எத்தன ஜிபி?

ஹரி: 8 க்கா

மீனா: ஆப் எழுதுற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, லேப்டாப்லயே போன் மாதிரி ஓடுற எமுலேட்டர், குரோம் மூணையும் சேத்துத் திறந்தா 8 திணறும். ஸ்லாட் இருந்தா 16 ஆக்கு. அதுவரை எமுலேட்டர விடு, சொந்த போன கேபிள்ல மாட்டி ஓட்டு. செட்டிங்ஸ்ல பில்டு நம்பர 7 தடவ தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், உள்ள யுஎஸ்பி டீபக்கிங் இருக்கும், அத ஆன் பண்ணு.

ஹரி: ஆப் எழுத கோட்லின் மொழியா, ஃப்ளட்டர் டூல்கிட்டா? கிளாஸ்ல பாதிப்பேர் ஃப்ளட்டர்ங்கிறாங்க

பிரபு: ஒண்ணப் பிடி, 6 மாசம் மாத்தாத. ஃப்ளட்டர்ல ஒரே கோடு ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடும். ஆனா ஐபோனுக்கான ஆப் ஃபைல (பில்டு) எடுக்க ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர் வேணும். அத மட்டும் யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க.

மீனா: நான் கோட்லின் கட்சி சித்தப்பா. ஃப்ளட்டர்ல ஆரம்பிச்சாலும் புளூடூத், பின்னணி வேலைன்னு வந்தா அடியில இருக்கிற ஆண்ட்ராய்டத் தோண்டித்தான் ஆகணும்.

பிரபு: அது வாஸ்தவம்.

ஹரி: செலவுக் கணக்கு ஆப் ஒண்ணு செஞ்சிருக்கேன். போனத் திருப்புனா டைப் பண்ணதெல்லாம் போயிருது

மீனா: பாடமே இதாண்டா. திரை திரும்பினா ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டிய (ஆப்போட ஒரு திரை) அழிச்சுட்டு புதுசாக் கட்டும். டைப் பண்ணத ஞாபகம் வைக்க நீ வெறும் ரிமெம்பர் போட்டிருப்ப, திருப்பினாலும் தாங்குற ரிமெம்பர்சேவபிள் போடு.
திரைக்குத் தேவையான டேட்டா வியூமாடல்ங்கிற தனி இடத்துக்குப் போகட்டும். அது திருப்பலத் தாங்கும். ஆனா மெமரி பத்தாம சிஸ்டமே ஆப்பக் கொன்னா வியூமாடலும் சேந்து போயிரும். அதனால பாதி டைப் பண்ணது சிஸ்டம் காப்பாத்தி வைக்கிற சேவ்டு ஸ்டேட் ஹேண்டில்ல, சேமிச்ச கணக்கு போன்லயே இருக்கிற ரூம் டேட்டாபேஸ்ல.

ஹரி: கொல்றத எப்டி டெஸ்ட் பண்றது?

மீனா: பாதி டைப் பண்ணிட்டு ஹோம் அமுக்கு. லேப்டாப் டெர்மினல்ல ‘ஏடிபி ஷெல் ஏஎம் கில்’னு அடி, பின்னாடி உன் பேக்கேஜ் பேரு (ஆப்போட அடையாளப் பேரு). அப்புறம் ரீசன்ட்ஸ்லேர்ந்து (சமீபத்துல திறந்த ஆப் வரிசை) திற. எழுதுனது அப்படியே இருந்தா பாஸ். ரீசன்ட்ஸ்ல தள்ளிவிட்டுட்டு திறக்காத, அப்ப சேவ்டு ஸ்டேட்டும் போயிரும், டெஸ்ட்டே ஆகாது.

ஹரி: 👍 பில் போட்டோ லிஸ்ட் ஸ்க்ரோல் பண்ணா இழுக்குது மாமா

பிரபு: 60 ஹெர்ட்ஸ் திரை செகண்டுக்கு 60 தடவ வரையும், ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லிசெகண்டுதான். 4000 × 3000 போட்டோவ முழுசா விரிச்சா பிக்சலுக்கு 4 பைட், அப்ப ஒரு படத்துக்கு 48 எம்பி. கட்டைவிரல் அளவு காட்டுறதுக்கு எதுக்கு அவ்ளோ? படம் ஏத்துற காயில் லைப்ரரி போடு, காட்டுற அளவுக்குச் சுருக்கி ஏத்திக்கும்.
இன்னொண்ணு, சோதனைக்கான டீபக் பில்டுல கம்போஸ் மெதுவாத்தான் ஓடும். வெளியிடுற ரிலீஸ் பில்டுல பாத்துட்டு அப்புறம் கவலப்படு.

ஹரி: ரிலீஸ்ல வேற பிரச்சனை. டீபக்ல வர்ற சர்வர் டேட்டா அதுல காலியா வருது

மீனா: சர்வர் டேட்டாவப் பிரிக்க ஜீசன் லைப்ரரி பயன்படுத்துறியா?

ஹரி: ஆமா

மீனா: ரிலீஸ்ல ஆர்8ங்கிற சுருக்குற டூல் உன் கோட்ல இருக்கிற ஃபீல்டு பேரையெல்லாம் ஏ, பி-ன்னு சுருக்கிரும். சர்வர் ‘தொகை’ன்னு அனுப்புது, உன் கோட்ல அந்தப் பேரே இல்ல, எரரும் வராம நல் (காலி) ஆயிரும். ஒவ்வொரு ஃபீல்டு மேலயும் சர்வர் அனுப்புற பேரச் சொல்ற சீரியலைஸ்டுநேம் போடு. இல்லன்னா கோட்லின் சீரியலைசேஷன் லைப்ரரிக்கு மாறிரு, நான் அதத்தான் சொல்வேன்.

ஹரி: கடைசியா ஒண்ணு. தமிழ்க் குறிப்ப வெட்டிக் காட்டுனா சில இடத்துல புள்ளி காணாமப் போகுது

மீனா: ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து. கோட்லின்ல லெங்த் கேட்டா 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முதல் 4 மட்டும் எடுக்குற டேக் 4 போட்டா ‘தமிழ’ன்னு நிக்கும். பிரேக்இட்டரேட்டர்ங்கிற டூல்ல எழுத்து எல்லை பாத்து வெட்டு. திரையில காட்ட மட்டும்னா நீ வெட்டவே வேணாம், மேக்ஸ்லைன்ஸ் 1, ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் போடு, ஒரு வரிக்கு மேல போனா மூணு புள்ளி வச்சு முடிச்சிரும்.

பிரபு: ஆப்பிளோட ஸ்விஃப்ட் மொழியில கவுன்ட் கேட்டா நேரா 3ன்னே சொல்லும். சும்மா சொன்னேன் 😄

செல்வி: ஒரு வார்த்தையும் புரியல. ஸ்டோர்ல போட எவ்ளோ ஆகும்?

பிரபு: ப்ளே ஸ்டோருக்கு ஒரே தடவ 25 டாலர் க்கா. ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99, அது இப்ப வேணாம். ஹரி, கோட் மாத்தினதச் சேமிச்சு வைக்கிற கிட்ல தினமும் கமிட் போடு, ஆனா ஆப் உன்னோடதுன்னு கையெழுத்துப் போடுற சைனிங் கீ ஃபைல அதுல ஏத்திராத. பென்டிரைவ்ல தனியா ஒரு காப்பி வை.

மீனா: ப்ளே ஸ்டோர்ல புது தனிநபர் கணக்குன்னா உடனே வெளியிட விடமாட்டாங்க. குளோஸ்டு டெஸ்ட்ல (நாம அழைச்சவங்க மட்டும் சோதிக்கிறது) 12 பேர் 14 நாள் விடாம சேந்திருக்கணும். நடுவுல ஆள் விலகி 12க்குக் கீழ போனா சிக்கல், அதனால 15 பேரா வச்சுக்கோ.

செல்வி: 15 பேரா? இந்த குரூப்லயே 17 பேர் இருக்கோமே

மீனா: ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயிலும் இருக்கிறவங்க மெயில் ஐடிய ஹரிக்கு தனியா அனுப்புங்க. லிங்க் வந்ததும் சேந்துட்டு ஆப்ப இன்ஸ்டால் பண்ணி நெஜமாவே செலவு எழுதிப் பாருங்க. 14 நாள் அழிக்கக் கூடாது.

செல்வி: பெரியப்பாவுக்கு ஜிமெயில் பாஸ்வேர்ட் மறந்துருச்சாம். ஹரிய நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்.