போன் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான், என்ன செய்வது?

மலர்_அம்மா: பையனுக்கு 14 மாதம். முதல் பிறந்தநாளில் 9 கிலோ, இப்போது 9.3. போனில் பாட்டு ஓடினால் ஒரு கிண்ணம் பருப்பு சாதம் உள்ளே போகிறது, நிறுத்தினால் உதட்டை இறுக்கிக்கொண்டு தட்டைத் தள்ளுகிறான். எலும்பும் தோலுமாகிவிட்டான் என்று மாமியார் தினமும் அழுகிறார்.

காவேரிக்கரை: போனை நிறுத்துங்கள் மலர். இந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. என் மகளையும் அப்படி ஊட்டித்தான் கெடுத்தேன், கண் திரையில் இருக்கும், வாய் பாட்டுக்குத் திறக்கும், வயிறு நிறைந்ததுகூட அவளுக்குத் தெரியாது. முதல் வருடம் எடை மூன்று மடங்காகும், இரண்டாம் வருடம் முழுக்க இரண்டரை கிலோ ஏறினாலே சரி, அதனால் பசி குறைவது இயல்புதான், பசித்தால் தானே சாப்பிடுவான்.

தென்றல்_மதுரை: சொல்வது சுலபம். காலை ஏழரைக்கு பஸ் பிடிக்க வேண்டிய அம்மா குழந்தைக்குப் பசிக்கும்வரை காத்திருக்க முடியுமா? நம் பாட்டிகள் நிலாவையும் காக்காவையும் காட்டித்தானே ஊட்டினார்கள்? அதுவும் வேடிக்கைதான்.

காவேரிக்கரை: நிலாவைக் காட்டிய பாட்டி குழந்தையின் முகத்தையும் பார்த்தாள், தலையைத் திருப்பினால் கையை இறக்கினாள். போன் அதைச் செய்யாது. மலர், பால் எவ்வளவு குடிக்கிறான்?

மலர்_அம்மா: 240 மில்லி பாட்டிலில் நாலு தடவை, பசும்பால். சாப்பிடவில்லையே என்று ராத்திரியும் கொடுக்கிறோம்.

காவேரிக்கரை: கிட்டத்தட்ட ஒரு லிட்டர்! அப்புறம் சாதத்துக்கு வயிற்றில் இடம் ஏது? அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள், அதையும் டம்ளரில் கொடுங்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, இப்படிப் பாலிலேயே வளர்ந்தால் ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் இருக்கிற பசியும் போய்விடும். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முட்டை, ஈரல், கீரை, பருப்பு எதுவானாலும் எல்லாரும் சாப்பிடும்போது அவன் முன்னாலும் ஒரு தட்டு வையுங்கள், சிந்தட்டும். ஒரு காயைப் பத்துத் தடவை துப்பிய பிறகு பதினொன்றாம் தடவை தின்ற குழந்தைகள் உண்டு.

தென்றல்_மதுரை: பால் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பசித்தால் தானே சாப்பிடும்" என்று எல்லாருக்கும் சொல்லாதீர்கள். என் அக்கா மகன் கட்டியாக எது கொடுத்தாலும் ஓங்கரித்தான், அடிக்கடி புரையேறியது, எல்லாரும் அடம் என்றோம். கடைசியில் விழுங்குவதிலேயே சிக்கல் என்று தெரிந்தது, எட்டு மாதம் வீணாகிவிட்டது. மலர், உங்கள் பையனுக்குப் புரையேறுகிறதா?

மலர்_அம்மா: இல்லை, முறுக்கைக்கூட ஊறவைத்துக் கடித்துவிடுகிறான். இன்று ராத்திரிப் பாட்டிலை நிறுத்திப் பார்க்கிறேன்.