பத்திரத்தில் 60 அடி, புலப்படத்தில் 91: எதை நம்புவது?

பள்ளத்தூர்க்காரன்:
வணக்கம். ஐயா காலத்து வீட்டுக்குப் பின்னால் பட்டா நிலமாக ஒரு காலி இடம், பங்காளிகள் பேரில் கூட்டுப் பட்டா. தென்புறத்துக்காரர் தனியார் சர்வேயரை வைத்து அளந்து, எங்கள் பக்கம் இரண்டடி உள்ளே கல் ஊன்றிவிட்டார். அடுத்து கம்பிவேலியாம். பத்திரத்தில் அகலம் 60 அடி. ஆன்லைனில் எடுத்த புலப்படத்தில் (அரசின் நில அளவை வரைபடம்) அதே பக்கத்துக்கு 91 என்று இருக்கிறது. எதைக் காட்டிப் பேசுவது? எந்த சர்வே கேட்க வேண்டும்?

ஓய்வு சர்வேயர்:
தம்பி, அந்த 91 அடிக்கணக்கு இல்லை, லிங்க். நிலம் அளக்கும் சங்கிலி, அதாவது ஒரு செயின், 66 அடி, அதில் 100 லிங்க். 91-ஐ 0.66-ஆல் பெருக்கிப் பாருங்கள், 60 அடிதான் வரும். மீட்டர் படமாக இருந்தால் 18.3 என்று போட்டிருக்கும். ஆக, பத்திரமும் படமும் ஒத்துப்போகின்றன. அந்த 60 அடி தரையில் எங்கே தொடங்குகிறது என்பதுதான் பிரச்சினை. தனியார் அளவை பெரும்பாலும் இருக்கிற சுவரையோ வேலியையோ பிடித்துத்தான் தொடங்கும். வீட்டு பிளான் போட அது போதும், எதிராளியைக் கட்டுப்படுத்தாது.

நீங்கள் கேட்க வேண்டியது எஃப் லைன் அளவை. அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு சர்வேயர் பழைய கற்களைத் தேடிப் பிடித்து, புலப்படத்தின் ஜி லைனிலிருந்து (கல்லுக்குக் கல் போட்ட அடிப்படைக் கோடு) அளந்து எல்லையைக் காட்டுவார்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, பங்காளிகளுக்குள் பிரிப்பது வேறு வேலை. எஃப் லைன் வெளி எல்லையைத்தான் சொல்லும், யார் பங்கு எது என்று சொல்லாது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, அப்புறம் உட்பிரிவோடு (பங்குக்குத் தனி சர்வே எண் பிரிப்பது) பட்டா மாறுதல் கேட்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பி எங்கள் தெருவிலேயே அண்ணன் தம்பி பேச்சு நின்று போனது. இன்னொன்று, இடம் நத்தமா, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமா என்று பாருங்கள். நத்தத்துக்குப் பதிவேடு தனி.

பள்ளத்தூர்க்காரன்:
நத்தம் இல்லை ஆச்சி, புன்செய்தான். வடகிழக்கு மூலையில் கருவேலம் புதருக்குள் ஒரு பழைய கல் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்தி வைக்கட்டுமா?

ஓய்வு சர்வேயர்:
கை வைக்கவே வைக்காதீர்கள். சர்வே கல்லை நகர்த்துவது 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம். நல்ல எண்ணத்தில் நிமிர்த்தினாலும் 'நீதான் மாற்றினாய்' என்பார்கள். சுற்றியுள்ள புதரை மட்டும் வெட்டி, கிடக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்து வைத்து, சர்வேயர் வரும் அன்று காட்டுங்கள். தென்புறத்துக்காரரும் அப்போது கூட நிற்கட்டும். வேலி போடுவதை அதுவரை நிறுத்தச் சொல்லி இன்றே எழுத்தில் கொடுங்கள். அளந்த பிறகும் அவர் அந்த இரண்டடி தன்னுடையது என்றால், உரிமையைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட்தான்.