உலக்கைப்பாலை விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: சென்னைப் பக்கத்துக் காட்டு மரமான உலக்கைப்பாலையை நாற்றாக்க வேண்டும். டப்பாவில் வைத்திருந்த விதை முளைக்கவே இல்லை. ஏன்?

பதில் 1: எண்ணெய் விதை சார், நாளானால் உயிர் போய்விடும். பழுத்ததும் சதையைக் கழுவி, நிழலில் ஆறவிட்டு, உடனே மணல் தட்டில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். நீர் தேங்கினால் அழுகும். சப்போட்டா ஒட்டுக்கு வேர்ச்செடியே (ஒட்டின் அடியில் வேரோடு நிற்கும் செடி) இதுதான். ஒட்டுக்கட்டுபவர்களைக் கேளுங்கள், இதை முளைக்கவைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை.

பதில் 2: ஒரே மரத்து விதை வேண்டாம். பத்துப் பதினைந்து தாய்மரத்தில் எடுங்கள், விதைப் பைக்குப் பை மர எண், தேதி எழுதிய சீட்டு வையுங்கள். சீட்டு தொலைந்தால் அது எந்த மரத்துப் பிள்ளை என்று தெரியாத வெறும் நாற்று. கிண்டி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிப் பொறுக்காதீர்கள்!

பதில் 3: வளர்த்தி மந்தம். குட்டை நாற்றுப் பையில் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். உயரப் பை போடுங்கள். நடவு ஐப்பசி மழையோடு.