1930-ல் புகார் கொடுத்து 'ஹோல்ட்' ஆன பணத்தை எப்படி எடுக்கிறது?

அம்பைக்காரன்:
அண்ணாச்சிமாரே, எங்க மாமா ஆன்லைன் டிரேடிங்னு ஒரு டெலிகிராம் குரூப்பை நம்பி 1,85,000 ரூபாய் அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவை யூபிஐ, ஒரு தடவை நெஃப்ட். மறுநாளே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசியாச்சு, புகார் எண்ணும் வந்துட்டு. சைபர் கிரைம் போர்ட்டல்ல 62,000 'ஹோல்ட்'னு காட்டுது. பேங்க்ல ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுதாங்க, ஸ்டேஷன்ல கோர்ட்டுக்குப் போகச் சொல்லுதாங்க. எந்தக் கோர்ட், என்ன மனு? மீதிப் பணத்துக்கு வழி உண்டா?

பாளை வக்கீல்:
ஸ்டேஷன்ல சொன்னது சரிதான், தம்பி. ஹோல்ட்னா, மோசடிக்காரன் வாடகைக்குப் பிடிச்ச யாரோ ஒருத்தர் கணக்குல பணம் நகராம நிக்குதுன்னு அர்த்தம். அதை விடுவிக்க குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துல பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503-ஆம் பிரிவுல மனு போடணும். 2024 ஜூலைக்கு முன்னாடி இதுவே பழைய சட்டமான சிஆர்பிசி 457.

புகார் எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு முதல்ல உறுதி பண்ணுங்க. அம்பைன்னா திருநெல்வேலி மாவட்ட சைபர் கிரைம். பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர்னா மாநகர சைபர் கிரைம். கடையம், ஆலங்குளம் ஆட்கள் இன்னமும் நெல்லைக்கு வந்து திரும்புறாங்க. 2019-லேயே அது தென்காசி மாவட்டம் ஆயிட்டு.

அங்கே பணம் போன வழியோட விவரம் கேளுங்க: எந்த பேங்க், கணக்கு எண், அதுல எவ்வளவு நிக்குது. மனுவுல இதைக் கணக்கு வாரியா எழுதணும். '62,000 விடுவிக்கவும்'னு மொத்தமா எழுதி உத்தரவு வாங்கினா, எந்தக் கணக்குல எவ்வளவு எடுக்கன்னு தெரியாம பேங்க் அதைத் திருப்பிடும். பெரும்பாலும் மனு கெடுறது இந்த இடத்துலதான்.

கூடவே வைக்க வேண்டியது: புகார் நகல், சிஎஸ்ஆர் (ஸ்டேஷன்ல தர்ற புகார் ரசீது) அல்லது எஃப்ஐஆர், பேங்க் முத்திரை வச்ச ஸ்டேட்மென்ட், ஆதார் நகல், ஸ்கிரீன்ஷாட்டை மின்னணு சாட்சியா ஏத்துக்க புதிய சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ். கோர்ட் போலீஸ்கிட்ட அறிக்கை கேட்கும். பிணைப்பத்திரம் எழுதித் தரச் சொல்லலாம். உத்தரவோட சான்றிட்ட நகலை விசாரணை அதிகாரி மூலமா பணம் நிக்கிற பேங்குக்கு அனுப்பணும். உங்க பேங்க்ல கொடுத்தா வேலை நடக்காது.

தள்ளிப் போடாதீங்க. அந்தக் கணக்குக்காரரும் முடக்கத்தை நீக்க மனு போடலாம். அதே கணக்குல ஏமாந்த வேற ஆளும் உரிமை கேட்கலாம். வக்கீல் செலவு முடியலைன்னா பாளை கோர்ட் வளாகத்துல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

வள்ளியூர் பேங்கர்:
மீதி 1,23,000-க்கு வாங்க. 1930-ல கொடுத்த பரிவர்த்தனை எண்ணை வச்சுத்தான் ஒவ்வொரு பேங்கும் அடுத்த பேங்கைத் துரத்துது. யூபிஐன்னா அது 12 இலக்க யூடிஆர், அதாவது பேங்குகள் பரிவர்த்தனையை அடையாளம் காணுற எண். போன்பேயில 'டி'-ல தொடங்குற எண் அந்த ஆப்போட சொந்த எண், அதை வச்சுப் பணத்தைத் தேட முடியாது. நெஃப்ட் யூடிஆர் எழுத்தும் எண்ணும் கலந்து 16. மூணு பரிவர்த்தனையும் போர்ட்டல்ல தனித்தனியா ஏறியிருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஏறாத தொகையை எந்த பேங்கும் தேடியிருக்காது. ஏடிஎம்ல எடுத்துட்ட பணம்னா, ஆள் பிடிபட்டு பறிமுதல் ஆனாத்தான் உண்டு.

'மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா பேங்க் முழுசா தரும்'னு பலபேர் சொல்லுவாங்க. 2017 ஜூலை ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை அது. நம்ம அனுமதி இல்லாம போன பணத்துக்குத்தான். மாமா தானே பின் போட்டு அனுப்பினது அதுல வராது. யாரோ அனுப்புன ஏபிகே ஃபைலை (ஆப் நிறுவுற ஃபைல்) இறக்கி, தெரியாமலே கணக்கு காலியானவங்க இதை விடக்கூடாது: பேங்க்ல எழுத்துல கொடுத்து, 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

தாமிரபரணி:
டெலிகிராம்ல எதிராளி ரெண்டு பக்கத்துச் செய்தியையும் அழிச்சிட முடியும். யூசர்நேம் தெரியுற மாதிரி இப்பவே ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி வைங்க. குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம். இனிமே 'உங்க ஹோல்ட் பணத்தை விடுவிக்கிறோம், 10 சதவீதம் கட்டுங்க'ன்னு போன் வரும். புகார் எண்ணைக் கூட சொல்லுவான். போலீஸ் புகாருக்குக் கட்டணமே கிடையாது, போனை வச்சிடுங்க.

அம்பைக்காரன்:
பார்த்துட்டேன். நெஃப்ட் போர்ட்டல்ல ஏறவே இல்ல அண்ணாச்சி. அதுதான் 90,000.

வள்ளியூர் பேங்கர்:
அப்போ மனுவை ரெண்டாவதா வைங்க. முதல்ல புகார் எண், 16 எழுத்து யூடிஆர், தேதி, நேரம், தொகை, பணம் போன கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி இத்தனையும் ஒரே தாள்ல எழுதி, ஸ்டேட்மென்ட்ல அந்த வரியை அடிக்கோடு போட்டு ஸ்டேஷன்ல கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்க. நகல்ல சீல் வாங்குங்க. 1930-க்கும் திரும்பப் பேசி அதே புகார் எண்ணைச் சொல்லுங்க, புதுசா இன்னொரு புகார் போட்டுறாதீங்க.