காலேஜ்ல கூட படிக்கிறவங்ககிட்ட இயேசுவ பத்தி எப்படி பேசுறது? கொஞ்சம் குழப்பத்துல இருக்கேன்

கூடலூர்_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஊட்டியில ஒரு அரசு காலேஜ்ல பிஎஸ்சி செகண்ட் இயர், வீடு கூடலூர் பக்கம், இங்க ரூம் எடுத்து தங்கி படிக்கிறேன். நாங்க 7 பேர் புதன்கிழமை லஞ்ச் டைம்ல மரத்தடியில உக்காந்து ஜெபம் பண்ணுவோம், அவ்ளோதான். போன மாசம் பாஸ் அவுட் ஆன அண்ணா ஒருத்தர் இயேசுவ பத்தி அச்சடிச்ச ஒரு கட்டு கைப்பிரதி (நோட்டீஸ்) குடுத்து, கேம்பஸ்ல ஒருத்தரையும் விடாம குடுங்கன்னு சொன்னாரு. கேட் பக்கத்துல நின்னு குடுத்தோம். அன்னைக்கு மிஸ்ட்டும் தூறலும், வாங்கினவங்க பாதி பேர் நாலு அடி தள்ளி கீழ போட்டுட்டு போய்ட்டாங்க.

என் பெஞ்ச்மேட் படகர் பையன், இந்த நீலகிரி மலையோட படகர் சமூகம். அவன் குனிஞ்சு நாலஞ்சு பேப்பர பொறுக்கி, ஸ்வெட்டர் கையால சேற தொடச்சு, "உங்க சாமி பேர் போட்டிருக்குடா, எல்லாரும் மிதிச்சிட்டு போறாங்க"ன்னு என் கையில குடுத்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு மேத்ஸ் அரியர் சொல்லிக் குடுத்தியே, அதுவும் இதுக்குத்தானா?"ன்னு கேட்டான். எனக்கு வாயே வரல.

மறுநாள் எச்ஓடி கூப்பிட்டு இனிமே உள்ள கூட்டம் போடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அப்படி சொல்லலாமா? நான் இத விட்டுடணுமா? விடவும் முடியல, மனசுல பாரம் இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

குன்னூர்_அண்ணன்:
தம்பி, உங்க ஃப்ரெண்ட் அந்த பேப்பர தொடச்சு குடுத்தத படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அவன் உங்க விசுவாசத்த மதிக்கிறான், அவன் கேட்ட கேள்விக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும்.

நானும் காலேஜ்ல இ.யூ.ல, அதாவது யூஇஎஸ்ஐங்கற கிறிஸ்தவ மாணவர் அமைப்போட காலேஜ் குழுவுல இருந்தவன். யூஇஎஸ்ஐ 1954ல ஆரம்பிச்சதுல இருந்தே ஸ்டூடண்ட்ஸ்தான் ஸ்டூடண்ட்ஸுக்கு சொல்லணும்ங்கறதுதான் அவங்க வழி, ஏன்னா கூட உக்காந்து படிக்கிறவனுக்குத்தான் ஒருத்தன பத்தி முழுசா தெரியும். வெளியில இருந்து ஒருத்தர் கட்டு கட்டா குடுத்து அனுப்புனா அந்த அர்த்தமே போயிடுது. நான் படிக்கும்போது ஒரு பையனோட அப்பா இறந்துட்டாரு, மூணாம் நாளே நான் போய் நித்திய ஜீவன் பத்தி பேசிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் என்னோட பஸ்ல பக்கத்துல உக்காரவே இல்ல. இன்னைக்கும் அது எனக்கு வலிக்குது.

நம்ம மலையிலயே பாருங்க, சுவிட்சர்லாந்துல இருந்து வந்த பாசல் மிஷன்காரங்க கேத்தியில ஊழியம் ஆரம்பிச்சது 1846. அந்த மிஷனரி மெட்ஸ் ஐயர் ஹட்டி ஹட்டியா (படகர் ஊர் ஊரா) நடந்து, படக பாஷையே கத்துக்கிட்டு பேசினவரு. படகர்ல முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1858ல. 12 வருஷம்! நீங்க ஒரு மத்தியானத்துல ஒரு கட்டு முடிக்க பாத்திருக்கீங்க. 1 பேதுரு 3:15 திரும்ப படிங்க, விசாரிச்சு கேக்குறவங்களுக்கு சாந்தத்தோட சொல்லத்தான் சொல்லியிருக்கு.

கோத்தகிரி_அக்கா:
நான் கிறிஸ்டியன் இல்ல, படகர்தான், ஆனாலும் எழுதணும்னு தோணுச்சு. காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்மேட் தினமும் காலைல 5 மணிக்கு போர்வைய போத்திக்கிட்டு பைபிள் படிப்பா, லைட் போட்டா எனக்கு தூக்கம் கெடும்னு செல்ஃபோன் டார்ச்ச கையால மறைச்சிட்டு படிப்பா. மூணு வருஷத்துல ஒரு தடவகூட என்னை சர்ச்சுக்கு வான்னு கூப்பிடல. நானே ஒருநாள் அப்படி என்னதான் படிக்கிறன்னு கேட்டேன், அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம். நான் மாறல, எங்க குலதெய்வம் ஹெத்தைய நான் விடல, ஆனா அவ சொன்னது எதுவும் எனக்கு தப்பா தெரியல. நீங்க சரி நாங்க இருட்டுலன்னு ஆரம்பிச்சா மட்டும் எங்க வீட்டு பாட்டியில இருந்து எல்லாரையும் திட்டுற மாதிரி இருக்கும் தம்பி. அத மனசுல வெச்சுக்கோங்க.

ரிட்டயர்டு_லெக்சரர்:
சட்டம் கேட்டீங்க. அரசியலமைப்பு 25வது பிரிவு மதத்த பின்பற்றவும் பரப்பவும் உரிமை குடுக்குது. ஆனா பரப்புற உரிமைன்னா இன்னொருத்தர மதம் மாத்துற உரிமை இல்லன்னு ஸ்டெனிஸ்லாஸ் வழக்குல 1977ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. முழுக்க அரசு பணத்துல நடக்குற காலேஜ்ல மத போதனை நடத்தக்கூடாதுன்னு 28வது பிரிவு இருக்கு, எச்ஓடி யோசிக்கிறது அதனாலதான். அவர எதிரியா பாக்காதீங்க. பக்கத்து சர்ச்ல ஒரு ரூம் கேளுங்க, சாயங்காலம் வெச்சுக்கோங்க. டீ குடிச்சிட்டே ஃப்ரெண்டோட சாமிய பத்தி பேசுறத யாரும் கூட்டம்னு சொல்ல மாட்டாங்க.

கூடலூர்_தம்பி:
எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு ஸ்பெஷலா. நேத்து அவன்கிட்ட பேசிட்டேன். சேரிங் கிராஸ்ல டீக்கடை வாசல்ல நின்னு, "அரியர் சொல்லிக் குடுத்தது நீ பாஸ் ஆகணும்னுதான், ஆனா இயேசுவ பத்தி உனக்கு சொல்லணும்னு எனக்கு ஆசை இருக்கு, அத மறைச்சு வெச்சு உன்கூட பழக மாட்டேன், உனக்கு வேணாம்னா பேசவும் மாட்டேன்"ன்னு அப்படியே சொன்னேன். அவன் டீய ஊதி ஊதி குடிச்சிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லடா"ன்னான். அப்புறம் பஸ் வர்ற வரைக்கும் அவன்தான் கேள்வி கேட்டுட்டே இருந்தான், பாதிக்கு எனக்கு பதில் தெரியல, படிச்சிட்டு சொல்றேன்னேன்.

மிச்ச கைப்பிரதிய அந்த அண்ணாகிட்டயே திருப்பி குடுத்துட்டேன். ஜனவரில ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவங்க ஹட்டிக்கு கூப்பிட்டிருக்கான், போறேன். பூஜையில கலந்துக்க முடியாதுடான்னு முன்னாடியே சொன்னேன். "தெரியும், சாமிக்கு படைக்கிறதுக்கு முன்னாடியே அம்மா உனக்கு சாப்பாடு தனியா எடுத்து வெப்பாங்க"ன்னான்.