கிரீன் டெரர் இரண்டு இனமா? புது சிக்லிட் இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நாலடித்தொட்டி:
குளத்தூரில் ஒரு கடையில் கிரீன் டெரர் (சிக்லிட் குடும்பத்து வளர்ப்பு மீன்) என்று ஒரே தொட்டியில் இரண்டு விதமான மீன்கள் கிடந்தன. ஒன்றுக்கு வால் ஓரம் ஆரஞ்சு, இன்னொன்றுக்கு நல்ல அகலமாக வெள்ளை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான், கலர் மட்டும்தான் வேறு என்கிறார். கூட வந்த நண்பனோ வெள்ளை ஓரம் தனி இனம், 2009-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள் என்று சாதிக்கிறான். இத்தனை வருஷமாக எல்லாரும் வளர்க்கிற மீன் எப்படித் திடீரென்று புது இனமாகும்? இரண்டையும் ஜோடி போட்டால் குஞ்சு பொரிக்கும் என்கிறார்கள், அப்புறம் என்ன தனி இனம்? ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் விஷயம் முடிந்துவிடாதா?

செதில்_எண்ணி:
உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. 1860-ல் குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்தது ரிவுலாட்டஸ் (நீங்கள் பார்த்த ஆரஞ்சு ஓரம்), ஈக்வடாரின் மேற்குப் பக்கத்து மீன். பெருவின் பசிபிக் கரையோர ஆறுகளில் இருக்கும் வெள்ளை ஓரத்தையும் வெகுகாலம் அதே பெயரில்தான் விற்றார்கள். 2009-ல் முசிலோவா, ஷிண்ட்லர், ஸ்டேக் மூவரும் சேர்ந்து அதைப் பிரித்து ஆண்டினோஅகாரா ஸ்டால்ஸ்பெர்கி என்று பெயர் வைத்தார்கள். ஸ்டால்ஸ்பெர்க் என்பவர் நார்வேக்காரர், நம்மைப் போல மீன் வளர்ப்பவர்தான்.

வால் ஓரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், உடம்புச் செதிலைப் பாருங்கள். ரிவுலாட்டஸில் செதிலின் நடு கருப்பாக, ஓரம் வெளிறி இருக்கும். ஸ்டால்ஸ்பெர்கியில் அப்படியே தலைகீழ், நடுவில் ஒளிர்கிற புள்ளி, சுற்றிக் கருப்பு.

டிஎன்ஏ உதவும், ஆனால் அது மட்டும் பெயர் வைக்காது. விலங்குப் பெயர்களுக்கென்று சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன்படி இன்று புது இனம் என்று அறிவிக்க வேண்டுமானால் அந்தப் பெயருக்கு அடையாளமாக ஒரு மாதிரியை, பெரும்பாலும் ஒரே ஒரு மீனை, குறிப்பிட்டாக வேண்டும். அதுதான் ஹோலோடைப். அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். வேலையோ ரொம்பப் பொறுமையான வேலை. மீனை உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் பாட்டிலுக்குள் போனால் நிறம் போய்விடும். அப்புறம் வலப்பக்கத் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி ஆல்கஹாலில் தனியாக வைப்பார்கள், அது டிஎன்ஏவுக்கு. அதன்பிறகுதான் ஃபார்மலின் (உடல் அழுகாமல் கெட்டிப்படுத்தும் திரவம்), ஏனென்றால் ஃபார்மலினில் போட்டபின் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. கடைசியில் எழுபது சதவீத ஆல்கஹாலில் நிரந்தரமாகக் கிடக்கும்.

எண்ணுவதும் அளப்பதும் வழக்கமாக இடப்பக்கம். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரைதான் எடுப்பார்கள், வால் கிழிந்தும் தேய்ந்தும் போகும் என்பதால் அது கணக்கில் வராது. முதுகுத் துடுப்பில் முள் எத்தனை, மென்கதிர் எத்தனை என்று தனித்தனியாக எண்ண வேண்டும். சிக்லிட்டில் பக்கக்கோடு (உடம்பின் பக்கவாட்டில் செதில்கள் வழியே ஓடும் உணர்வுக் கோடு) பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும், முன்துண்டு மேலே, பின்துண்டு கீழே, இரண்டிலும் செதில் எண்ண வேண்டும். முதுகெலும்பு எண்ண எக்ஸ்ரே. இதெல்லாம் ஒரு மீனுக்கு! பிறகு கிடைக்கிற மற்ற மாதிரிகளுக்கும், பழைய அருங்காட்சியக மாதிரிகளுக்கும் இதே வேலை. உண்மையில் புதிதாகப் பிடிப்பதைவிட, பழைய பாட்டிலில் இருக்கிற ரிவுலாட்டஸ் எது என்று உறுதி செய்வதுதான் பாதி வேலை.

விக்டோரியா_பித்தன்:
குஞ்சு பொரிக்கிறதே என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தொட்டியில் வேறு துணை இல்லாவிட்டால் சிக்லிட் கிடைத்ததோடு சேரும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன் வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆற்றில், ஏரியில் தானாகச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. விக்டோரியா ஏரியில் புண்டமிலியா என்ற பேரினத்தில் இரண்டு இனங்கள், ஒன்றில் ஆண் சிவப்பு, மற்றதில் நீலம். பெண் மீன் தன் இன நிறத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கும். சேஹவுசன் என்ற ஆய்வாளரின் குழு ஆய்வகத்தில் ஆரஞ்சு விளக்கைப் போட்டு நிற வித்தியாசத்தை மறைத்தபோது பெண் மீன்களுக்கு ஆள் தெரியவில்லை, இரண்டு பக்கமும் போயின. ஏரியில் தண்ணீர் கலங்கிய இடங்களிலும் இனங்கள் கலப்பதை 1997-லேயே எழுதிவிட்டார்கள். அதனால் கலக்க முடிகிறது என்பதாலேயே ஒரே இனம் ஆகிவிடாது.

நாலடித்தொட்டி:
அருமை, நன்றி அண்ணா. இன்னொன்று: என்னிடம் வெறும் 'எஸ்பி' (sp., அதாவது இனம் இன்னதென்று தெரியாதது) என்று எழுதி விற்ற ஒரு தென் அமெரிக்க சிக்லிட் இருக்கிறது. அது செத்தால் பாட்டிலில் போட்டு யாருக்காவது கொடுத்தால் பெயர் வைப்பார்களா?

செதில்_எண்ணி:
தம்பி, எந்த ஆறு என்று தெரியுமா? அது தெரியாவிட்டால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். பண்ணைக் குஞ்சு என்றால் எத்தனை இனம் கலந்தது என்பதே தெரியாது. கடை மீனிலிருந்து பெயர் வைத்த வரலாறும் உண்டு, ஆனால் பிறகு அந்த ஆற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மடகாஸ்கர்_விசிறி:
பெயர் என்னத்துக்கு என்று சிலர் நினைக்கலாம். மடகாஸ்கரின் மங்கரஹாரா ஆற்று சிக்லிட்டுக்கு 2006-ல்தான் ஸ்டயாஸ்னி, ஸ்பார்க்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். 2013 மே மாதம் லண்டன் விலங்குக்காட்சிசாலை தங்களிடம் ஆண் மட்டும்தான் இருக்கிறது, யாரிடமாவது பெண் மீன் இருக்கிறதா என்று உலகம் பூராவும் கேட்டது. அந்த வருஷக் கடைசியில் மடகாஸ்கரில் தேடிப் போனவர்களுக்கு ஒரு சிறு கூட்டம் கிடைத்தது. வெறும் 'எஸ்பி' என்று கிடந்திருந்தால் எதைத் தேடச் சொல்லிக் கேட்பது?

நாலடித்தொட்டி, எதை வாங்கினாலும் ஒரே வகையாக வாங்குங்கள், அந்தக் கலப்புத் தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகள் வேண்டாம். நாலடித் தொட்டி ஒரு ஜோடிக்கே இறுக்கம்தான்.